இன்டெல் முதலில், ரேடியான் அடுத்து: 2011 மாடல் லேப்டாப்பில் டிஸ்ப்ளே டிரைவர் கோளாறு – ஒரு நிகழ்வு ஆய்வு

லேப்டாப் 2011 மாடல். கோர் ஐ5-2410எம் பிராசசர், 4 ஜிபி ரேம், 15.6 அங்குலத் திரை, ரெசல்யூஷன் 1366×768. கிராஃபிக்ஸ் சிப் இரண்டு: பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 3000, மதர்போர்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஏஎம்டி ரேடியான் எச்டி 6470எம். விண்டோஸ் 7 போட்டு வந்த இயந்திரம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, இணைய இணைப்பு இல்லாமலே விண்டோஸ் 10-ஐப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். வேகம் கூடியது. திரை கெட்டது.

அறிகுறிகள்

திரை 1024×768-இல் நின்றுவிட்டது. அகலமான திரையில் அந்த அளவை இழுத்துப் பரப்பியதால் எழுத்துகள் பக்கவாட்டில் பருத்து, வட்ட ஐகான்கள் முட்டையாகத் தெரிந்தன. ஸ்க்ரோல் செய்தால் பக்கம் பட்டை பட்டையாக நகர்ந்தது. பிரைட்னஸ் கீயை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. எப்போதும் முழு வெளிச்சம்தான். ஒரு வீடியோவை ஓடவிட்டாலே விசிறி சத்தம் போடத் தொடங்கியது. பவர் மெனுவில் ஸ்லீப் என்ற வரியே இல்லை.

இவற்றில் உருப்படியான தடயம் கடைசியாகச் சொன்னது. சரியான டிஸ்ப்ளே டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) இல்லாதபோது விண்டோஸ் தன்னிடமுள்ள மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற பொது டிரைவரை வைத்து ஒப்பேற்றும். அது படம் காட்டும், அவ்வளவுதான். சிப்பைத் தூங்க வைக்கவோ எழுப்பவோ அதற்குத் தெரியாது. அதனால் விண்டோஸ் ஸ்லீப்பையே எடுத்துவிடும். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி /ஏ என்று கொடுத்தால் ஸ்லீப் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் காரணமாக கிராஃபிக்ஸ் டிரைவரையே அது காட்டும். சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறக்கும் முன்பே பாதிப் பதில் கையில் வந்துவிடும்.

டிவைஸ் மேனேஜரிலும் அதேதான். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் இரண்டு வரி. ஒன்று பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர். இன்னொன்று ரேடியான், மஞ்சள் முக்கோணத்தோடு, பிழை எண் 43 (விண்டோஸ் மொழியில் ‘கோடு 43’). இயந்திரத்தின் சொந்தக்காரர் ஏஎம்டி தளத்திலிருந்து கிடைத்ததில் புதியதாகப் பார்த்து ஒரு பேக்கேஜை இறக்கி ஏற்றியிருக்கிறார். அது வேலை செய்யாததால் ‘டிரைவர் அப்டேட்டர்’ வகை மென்பொருள் ஒன்றையும் ஓட்டியிருக்கிறார். அந்த வகை மென்பொருளைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சிப்பின் பெயரைப் பார்த்துத் தோராயமாக ஒரு டிரைவரைத் திணிக்கிறது, பழையது எங்கே போனது என்ற தடமும் வைப்பதில்லை.

முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை அல்ல

பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய லேப்டாப்பில் கேபிளும் திரையும் ரேமும் கெட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. டிரைவரை நான்கு முறை மாற்றிப் பார்த்த பிறகு கேபிள் என்று கண்டுபிடிப்பதில் அரை நாள் போய்விடும். ஆகவே விண்டோஸுக்கு வெளியே முதலில் பார்க்க வேண்டும்.

இயந்திரத்தை பயாஸ் செட்டப் திரையில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையில், 10 நிமிடம் அப்படியே விட்டு வைக்கவும். அங்கே விண்டோஸ் டிரைவர் எதுவும் ஏறியிருக்காது. அங்கேயும் கோடுகளோ புள்ளிகளோ நிறத் திட்டுகளோ தெரிந்தால் அது டிரைவர் சிக்கல் அல்ல. அந்த நிலையிலேயே வெளி மானிட்டரைச் சொருகிப் பார்க்கவும். வெளித் திரை சுத்தமாக இருந்து உள்திரையில் மட்டும் கோடு விழுந்தால் திரையோ அதற்குப் போகும் கேபிளோ போயிருக்கிறது. மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கும்போது கோடு வந்து போனால் கேபிள்தான். இரண்டு திரையிலும் அதே கோடு என்றால் சிப் அல்லது ரேம். எச்டி 3000-க்குத் தனி நினைவகம் கிடையாது, கணினியின் ரேமில்தான் பங்கு வாங்குகிறது. எனவே ரேம் கெட்டாலும் திரையில் தெரியலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

திரை முழுக் கறுப்பு என்றால் ஒரு டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் மீது சாய்வாக, கண்ணாடியை உரசுவதுபோல் அடித்துப் பார்க்கவும். டெஸ்க்டாப் மங்கலாக, நிழல்போல் தெரிந்தால் படம் வந்துகொண்டிருக்கிறது, பின்விளக்குதான் எரியவில்லை. அது பின்விளக்குச் சுற்றாகவோ கேபிளாகவோ இருக்கலாம். புதிய டிரைவர் ஏறும்போது பிரைட்னஸைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் போனதாகவும் இருக்கலாம். பிரைட்னஸ் கூட்டும் கீயை ஏழெட்டு முறை அழுத்தினால் எது என்று தெரிந்துவிடும். ஒன்றுமே தெரியாவிட்டால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தவும். ஒரு பீப் சத்தத்தோடு டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் மறுதொடக்கம் ஆகும்.

இந்த லேப்டாப்பில் பயாஸ் திரை சுத்தம், வெளி மானிட்டர் சுத்தம், ரேம் சோதனையில் பிழை இல்லை. யூஎஸ்பியிலிருந்து லைவ் லினக்ஸ் ஏற்றிப் பார்த்தபோது 1366×768 தானாகவே வந்தது, பிரைட்னஸும் மாறியது. எச்டி 3000-க்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருப்பதால் இந்தச் சோதனைக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. சிப் நன்றாக இருக்கிறது, சிக்கல் விண்டோஸுக்குள் என்பது இதோடு உறுதி.

ரேடியானுக்கு ஏன் கோடு 43?

தவறு நடந்த இடம் இது. இந்த ரக லேப்டாப்பில் திரைக்கான கம்பி இன்டெல் சிப்போடுதான் இணைந்திருக்கிறது. ரேடியானிலிருந்து திரைக்கு நேரான வழியே இல்லை. கனமான வேலை வந்தால் ரேடியான் படத்தை வரைந்து, முடித்த ஃபிரேமை இன்டெல்லின் நினைவுப் பகுதிக்கு அனுப்பும். திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்டெல்லின் வேலை. இன்டெல் பக்கம் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் இருந்தால் அந்த ஃபிரேமை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. ஏஎம்டி டிரைவர் ஏறுகிறது, கூட்டாளியைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, நின்றுவிடுகிறது. சாதனமே பிரச்சினையைத் தெரிவித்ததால் அதை நிறுத்திவிட்டேன் என்று விண்டோஸ் சொல்வதுதான் கோடு 43. சிப் எரிந்துபோனாலும் இதே எண்தான் வரும், அதனால்தான் நல்ல மதர்போர்டைச் செத்தது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

மற்ற எண்களும் கைவசம் இருக்கட்டும். கோடு 28 என்றால் டிரைவரே இல்லை. 31 என்றால் டிரைவர் இருக்கிறது, விண்டோஸால் ஏற்ற முடியவில்லை. 10 என்றால் சாதனம் தொடங்க மறுக்கிறது. 22 என்றால் யாரோ டிஸேபிள் செய்து வைத்திருக்கிறார்கள், ரைட் கிளிக்கில் எனேபிள் கொடுத்தால் முடிந்தது. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பம் செல்லவில்லை. திருத்தப்பட்ட பேக்கேஜை எங்கிருந்தோ இறக்கினால் பெரும்பாலும் இதில் வந்து முட்டும்.

சிப்பின் அடையாளத்தை வாசித்தல்

பெயரை நம்பக் கூடாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அந்த வரியை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீட்டெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடீஸ். நீளமான வரி ஒன்று வரும். அதில் வென் என்பதை அடுத்துள்ள நான்கு இலக்கம் சிப் தயாரிப்பாளர்: 8086 இன்டெல், 1002 ஏஎம்டி. டெவ் என்பதை அடுத்துள்ளது சிப். இங்கே பேசிக் அடாப்டர் என்று முகமூடி போட்டிருந்த வரியில் 8086, 0116 இருந்தது. அதுதான் எச்டி 3000. மஞ்சள் முக்கோண வரியில் 1002, 6760. ரேடியான் 6400எம் வரிசை.

அதே வரியில் சப்சிஸ் என்ற எட்டு இலக்கம் இருக்கும். அதன் கடைசி நான்கு லேப்டாப் நிறுவனத்தைக் குறிக்கும்: 1028 டெல், 1025 ஏசர், 1043 ஏசுஸ். டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பில் (எந்தச் சாதனத்துக்கு எதை ஏற்றுவது என்ற குறிப்புக் கோப்பு) இந்த எண் வரை பொருத்திப் பார்க்கும் வரிகள் இருக்கலாம். அதனால்தான் சிப் ஒன்றே ஆனாலும் ஒரு லேப்டாப்பில் ஏறும் பேக்கேஜ் இன்னொன்றில், இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை, தயாரிப்பாளரிடம் வாங்கு என்று கதவைச் சாத்துகிறது.

இனி எந்தப் பதிப்பு என்பது. எச்டி 3000-க்கு விண்டோஸ் 10-க்கென்று தனி டிரைவரை இன்டெல் தன் தளத்தில் வெளியிடவே இல்லை. விண்டோஸ் அப்டேட் வழியே கிடைப்பது 9.17.10.4459, தேதி 2016 மே. இதற்கு மேல் தேடுவது வீண். 10.18 என்று தொடங்கும் பதிப்பு எச்டி 4000 போன்ற அடுத்த தலைமுறைகளுக்கானது. 3000-க்கும் 4000-க்கும் பெயரில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம் என்பதால் பலர் இங்கே வழுக்குகிறார்கள். ரேடியான் எச்டி 5000, 6000 வரிசைகளை ஏஎம்டி 2015 நவம்பரில் பழைய பட்டியலுக்குத் தள்ளிவிட்டது. அவற்றுக்கு ஏஎம்டியின் கேட்டலிஸ்ட் டிரைவர் பேக்கேஜ் 15.7.1, அல்லது விண்டோஸ் அப்டேட் தரும் 15.201.1151.1008. அதற்குப் பின் வந்த 16.2.1 பீட்டாவாகவே நின்றுபோனது, 15.7.1 ஓடுகிற இயந்திரத்தில் அதைப் போடக் காரணம் இல்லை.

துடைத்தல்

முதலில் ரீஸ்டோர் பாயின்ட், அதாவது ஏதாவது கெட்டால் திரும்பிவர ஒரு சேமிப்பு நிலை. அடுத்து, தேவையான எல்லாக் கோப்புகளையும் ஒரு யூஎஸ்பியில் இறக்கி வைத்துக்கொண்ட பிறகே இணையத்தைத் துண்டிக்க வேண்டும். வை-ஃபை அணைக்காமல் துடைத்தால், நாம் பழையதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் தன் விருப்பத்துக்கு ஒன்றை ஏற்றிவிடும்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் நிலை. அங்கே டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியை ஓட்டி, முதலில் ஏஎம்டி, அடுத்து இன்டெல் இரண்டையும் சுத்தம் செய்தோம். டிவைஸ் மேனேஜரின் சாதாரண அன்இன்ஸ்டால் போதாது. டிரைவர் கோப்பு விண்டோஸின் டிரைவர் கிடங்கிலேயே கிடக்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே பழையது திரும்பி வந்து உட்காரும்.

அந்தக் கருவியில் ஒரு பொறி. விண்டோஸ் அப்டேட் டிரைவர் இறக்குவதைத் தடுக்கும் ஒரு டிக் அதில் உண்டு. போட்டால் வேலை முடிந்த பின்னும் அந்தத் தடை அப்படியே இருக்கும். பிறகு ஒரு நாள் பிரிண்டரோ ப்ளூடூத்தோ டிரைவர் கிடைக்காமல் நிற்கும்போது இதை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிட வேண்டும். அது இயங்கும்வரை ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. கர்னலையும் டிரைவர்களையும் டிஸ்க்கில் உறைய வைத்து மறுநாள் அப்படியே எடுக்கிறது. ‘அணைத்துப் போட்டேன், அதே பிழை’ என்ற புகாரில் பாதி இதனால் வருவது. இந்த வேலை முடியும்வரை ரீஸ்டார்ட் மட்டும்தான்.

ஏற்றுதல்

சிப்செட் டிரைவர் முதலில், ஒரு நிமிட வேலை. பிறகு இன்டெல். 9.17.10.4459 மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் கேப் என்ற சுருக்கிய கோப்பாகக் கிடைக்கும். 7-ஜிப்பில் ஒரு ஃபோல்டருக்குள் விரித்து, டிவைஸ் மேனேஜரில் 0116 வரியில் அப்டேட் டிரைவர், ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் பெரும்பாலும் தானே எடுத்துக்கொள்ளும். இருப்பதே சிறந்தது என்று விண்டோஸ் அடம்பிடித்தால், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் போய் ஹேவ் டிஸ்க் அழுத்தி ஐஎன்எஃப் கோப்பை நேராகக் காட்ட வேண்டும். அங்கே வரும் பெயர்ப் பட்டியலில் எச்டி 3000-ஐத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. அந்த வழியில் விண்டோஸ் ஒரு எச்சரிக்கையோடு எதையும் ஏற்றிவிடும்.

ஏறும்போது திரை சட்டென்று கறுப்பாகும். ஐந்து நொடி, சில சமயம் பத்து நொடி. ஒருமுறை வெளிச்சம் வந்து மறுபடி அணையும். பார்ப்பவருக்கு இயந்திரமே செத்ததுபோல் இருக்கும், கை பவர் பட்டனுக்குப் போகும். அங்கேதான் பொறுக்க வேண்டும். பாதி எழுதிய டிரைவரோடு அணைத்தால் அடுத்த முறை கறுப்புத் திரையோடுதான் திறக்கும். மறுபடி சேஃப் மோடு, மறுபடி துடைப்பு. குறைந்தது இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும். இந்த லேப்டாப்பில் எட்டாவது நொடியில் திரை 1366×768-இல் திரும்பியது, முட்டை ஐகான்கள் வட்டமாயின, பிரைட்னஸ் பட்டை தோன்றியது. ரீஸ்டார்ட் செய்ததும் ஸ்லீப் மெனுவுக்கு வந்துவிட்டது.

பிரைட்னஸ் மட்டும் வராத இயந்திரங்களும் உண்டு. அப்போது டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் பகுதியைப் பார்க்கவும். ஜெனரிக் பிஎன்பி மானிட்டர் என்று இருந்து டிஸேபிள் ஆகியிருந்தால் எனேபிள் செய்தால் போதும். நான்-பிஎன்பி என்று இருந்தால் திரை தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல் சிப்பை எட்டவில்லை. கேபிளின் இரு முனையையும் பார்க்க வேண்டும்.

இன்டெல் சரியாக நின்று, ஒருமுறை ரீஸ்டார்ட் ஆன பிறகுதான் ரேடியான். 15.7.1-இன் நிறுவி (இன்ஸ்டாலர்) முதலில் தன்னை விரித்துக்கொள்ளும். விரித்ததும் நிறுவியை மூடிவிட்டு, அந்த ஃபோல்டருக்குள் டிஸ்ப்ளே டிரைவர் இருக்கும் இடத்தில் டபிள்யூடி6ஏ என்று தொடங்கும் ஃபோல்டரை டிவைஸ் மேனேஜர் வழியே காட்டினோம். அது 64 பிட் விண்டோஸ் 10-க்கானது. டபிள்யூ76ஏ என்பது விண்டோஸ் 7-க்கு. முழு நிறுவியை ஓடவிட்டால் ஏற்கெனவே சரியாக இருக்கும் மற்ற பகுதிகளிலும் கை வைக்கும் என்பதால் இந்த வழி. ஏஎம்டியின் கண்ட்ரோல் சென்டரைப் பிறகு தனியாகப் போட்டுக்கொள்ளலாம். எந்த மென்பொருளுக்கு ரேடியான், எதற்கு இன்டெல் என்று ஒதுக்க அது வேண்டும். கோடு 43 மறைந்தது.

இவ்வளவு செய்தும் 43 மறையாத லேப்டாப்புக்கு, அதன் தயாரிப்பாளர் விண்டோஸ் 7 அல்லது 8-க்குத் தந்த பேக்கேஜ்தான் கடைசி வழி. இன்டெல், ஏஎம்டி இரண்டையும் பொருத்தம் பார்த்து ஒன்றாகக் கட்டித் தந்தது அது. அதுவும் ஆகாவிட்டால் ரேடியானை டிஸேபிள் செய்துவிட்டு இன்டெல்லோடு ஓட்டலாம். 6470எம் அப்படியொன்றும் பெரிய சிப் அல்ல. அன்றாட வேலைக்கு இழப்பு தெரியாது, பேட்டரிகூட நீடிக்கும்.

ஏறியதை உறுதி செய்தல்

டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) வரைபடம் வரவில்லையே என்று பதற வேண்டாம். விண்டோஸின் டிஸ்ப்ளே டிரைவர் மாடலான டபிள்யூடிடிஎம் 2.0-க்குக் கீழ்ப்பட்ட டிரைவர்களுக்கு அது வராது. டிஎக்ஸ்டயாக் என்ற விண்டோஸ் கருவியை ஓட்டி டிஸ்ப்ளே பகுதியில் டிரைவர் மாடலைப் பார்த்தால் இன்டெல்லுக்கு 1.2 என்றிருக்கும், அதுதான் சரியான விடை. இரண்டு சிப்பும் மாறி மாறி வேலை செய்கின்றனவா என்பதற்கு ஜிபியூ-இசட் என்ற கருவி போதும்.

ஸ்லீப்பில் போட்டு ஐந்து முறை எழுப்பிப் பார்க்கவும். எழும்போது திரை உறைந்தால் ரேடியானின் அல்ட்ரா லோ பவர் நிலையைச் சந்தேகிக்கலாம். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்யூஎல்பிஎஸ் என்று தேடி, 1 என்றிருப்பதை 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் பல லேப்டாப்களில் நின்றுவிடும். விலை: சும்மா இருக்கும்போதும் சற்றுச் சூடு, பேட்டரிக் குறைவு.

டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டது என்ற செய்தி அவ்வப்போது வந்தால் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணைத் தேடவும். சிப் 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை உதறி எழுப்புகிறது. 60 நொடிக்குள் ஐந்துக்கு மேல் ஆனால் நீலத் திரை, எண் 116. அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் 8 ஆக்கச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். நோயை மூடி மறைக்கும் வேலை அது. நேரத்தைக் குறித்துப் பாருங்கள்: 20 நிமிட வீடியோவுக்குப் பிறகே வருகிறது என்றால் சூடு. விசிறிக் கூண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் அடைத்திருக்கும். அதை எடுத்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது வைத்தால் டிரைவர் தானே திருந்திவிடும்.

மறுபடி கெடாமல் இருக்க

விண்டோஸ் அப்டேட் வேறொரு ரேடியான் டிரைவரைக் கொண்டுவந்து திணித்தால் உழைப்பெல்லாம் போச்சு. ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்ற விதி உண்டு. ஹோம் பதிப்பில் அதே விதியை ரெஜிஸ்ட்ரியில், விண்டோஸ் அப்டேட் பாலிசிக் கீயின் கீழ் எக்ஸ்க்லூட்-டபிள்யூயூ-டிரைவர்ஸ்-இன்-குவாலிட்டி-அப்டேட் என்ற ஒரே சொல்லாக எழுதி மதிப்பு 1 கொடுக்க வேண்டும். இது எல்லா டிரைவரையும் தடுக்கும். ஆகவே மற்றச் சாதனங்கள் எல்லாம் சரியான பின்னரே போடவும். இப்போது ஓடும் டிரைவர்களை பிஎன்பியூட்டில் கட்டளையின் எக்ஸ்போர்ட் வசதியால் ஒரு யூஎஸ்பிக்கு எடுத்து வைத்தால் அடுத்த முறை வேலை கால் மணி நேரம்தான்.

என்விடியா இருக்கும் பழைய லேப்டாப்பிலும் ஆப்டிமஸ் அமைப்பு இதே மாதிரிதான்: திரை இன்டெல்லிடம், கனமான வரைவேலை என்விடியாவிடம். இன்டெல் முதலில் என்ற வரிசை அங்கும் மாறாது. ஃபெர்மி தலைமுறையான 400, 500 வரிசைகளுக்கு 2018-இல் வந்த 391.35 டிரைவரோடு நிறுத்திக்கொள்ளவும்.

இந்த இயந்திரத்தில் தீராமல் நின்றது ஒன்று. மென்பொருள்கள் படம் வரையப் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல் என்ற இடைமுகத்தை எச்டி 3000 பதிப்பு 3.1 வரைதான் தாங்கும், விண்டோஸ் 10-இல் அதையும் சில மென்பொருள்களுக்குத் தர மறுக்கிறது. அவற்றைக் கண்ட்ரோல் சென்டரில் ரேடியானுக்கு ஒதுக்கியதும் திறந்தன. விண்டோஸ் 11-க்குத் தாவும் யோசனை இங்கே எடுபடாது. அது கேட்பது டபிள்யூடிடிஎம் 2.0, இந்த இன்டெல் சிப்புக்கு அது வரப்போவதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லினக்ஸுக்கு மாறுபவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளவும்: நிறுவும்போது கறுப்புத் திரையைத் தாண்ட நோமோட்செட் என்ற கர்னல் விருப்பத்தைச் சேர்த்திருந்தால், அது லினக்ஸைத் தொடக்கும் கிரப் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் தங்கிவிடும். தங்கினால் அங்கேயும் அதே மந்தம், அதே தவறான ரெசல்யூஷன். அந்தச் சொல்லை அழித்து, கிரப்பைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.